எட்டு சபைக்கு ஒரே ஐயர்: வாரத்தை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி:
எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரே போதகரின் பொறுப்பில், 8 சபைகள். புது ஐயருக்கு (போதகருக்கு) போட்ட அட்டவணை புதன்கிழமைக்குள் குலைந்துவிடுகிறது. துக்க வீடு, ஆஸ்பத்திரி, ஓலை (சபையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) எழுத வருகிறவர்கள்… கமிட்டி எதைச் சுமக்கலாம்?

பதில் 1:
அண்ணாச்சி, ஐயர் மட்டுமே செய்யக்கூடியதைத் தனியே பிரியுங்க. திருவிருந்துக்கு (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை) குருப்பட்டம் பெற்றவர் வேணும். அதற்கு சபை வாரியாக முறை போடுங்க. ஜெபக்கூட்டம், சாதாரண ஞாயிறு ஆராதனையை உபதேசியார் (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்) பார்க்கட்டும்.

பதில் 2:
வாரத்தை உடைப்பது துக்கம்தான். வீட்டு ஜெபம், கல்லறைத் தோட்டம், அடக்க ஆராதனை, பதிவேடு என்று ஒரு நாள் முழுசும் போயிரும்; பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரணும்னா அடக்கம் தள்ளிப்போகும், சனிக்கிழமையில்கூட விழும். அதனால் பிரசங்கக் குறிப்பு வியாழனுக்குள் முடியணும். வெள்ளி மத்தியானம் எதுவும் போடாதீங்க, விட்டுப்போன வீட்டுச் சந்திப்புக்கு அதுதான் இடம். திங்கள் ஓய்வு நாள். அதில் கமிட்டி கூட்டம் வைப்பது பெரிய அநியாயம்.

பதில் 3:
ஓலையைச் செயலர் எடுத்துக்கலாம். மூணு ஞாயிறு வாசிக்கணும்; பெண் வேறு சபைன்னா அங்கேயும் வாசித்துச் சான்று வரணும். கல்யாணத்துக்கு 6 வாரம் முன்பே வயது, ஞானஸ்நானம், திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராகும் சடங்கு) சான்றுகளைச் சரிபார்த்துட்டா, கடைசி நேரத்தில் ஐயர் பழைய பதிவேடுகளைப் புரட்ட வேண்டியதில்லை.