ஏற்காடு ஏரி: முழங்கால் வலி உள்ள அம்மாவோடு ஒரு நாள் போதுமா?

பவானிக்காரன்:
மே லீவில் குடும்பத்தோடு மலைக்குப் போகலாம் என்றிருக்கிறோம். பிள்ளைகளுக்குப் படகு வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, உட்கார நிழல் இருந்தால் போதும். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது. ஏற்காடு ஒரு நாளுக்குத் தாங்குமா, தங்க வேண்டுமா?

அஸ்தம்பட்டி அக்கா:
தாராளமாகத் தாங்கும் தம்பி. எங்கள் சேலத்தில் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலே மறுநாள் ஏற்காடுதான். ஆனால் பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் என்று ஒரே நாளில் ஓடினால் உங்கள் அம்மா பார்ப்பது கார் சீட்டை மட்டும்தான். பேசாமல் ஏரிக்கரையிலேயே பகலைக் கழியுங்கள்.

மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். வெறும் வயிறும் வேண்டாம், நெய்ப் பொங்கலும் வேண்டாம். ரெண்டு இட்லி போதும். பிள்ளைகள் கையில் எலுமிச்சம்பழம் கொடுத்துவிடுங்கள், மோந்துகொண்டே வரட்டும். வழியில் குரங்குகள் உண்டு, தின்பண்டத்தை வெளியே காட்டாதீர்கள்.

படகு இல்லத்தில் முதல் வேலையாக டிக்கெட் எடுங்கள். வெயில் ஏறினால் வரிசையும் ஏறும். மிதிபடகு பிள்ளைகளுக்கு. அம்மாவைத் துடுப்புப் படகில் ஏற்றுங்கள். காலை வைத்ததும் படகு ஒரு பக்கம் சாயும், அதனால் நீங்கள் முதலில் படகுக்குள் இறங்கி நின்று அவர் கையைப் பிடியுங்கள். லைஃப் ஜாக்கெட் பட்டையை நீங்களே இழுத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைக்கு லொடலொடவென்று இருந்தால் வேறு கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம் அண்ணா பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. அம்மாவை அங்கே உட்கார வைத்து, சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுங்கள்.

மலைப்பாதை டிரைவர்:
அக்கா சொன்னது சரி. கிளியூர் அருவியையும் விட்டுவிடுங்கள். ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே விழுகிறது, கோடையில் பெரும்பாலும் பாறைதான் இருக்கும். படி இறக்கமும் அதிகம். கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களில் போகவே போகாதீர்கள், வளைவுக்கு வளைவு வண்டி நிற்கும். அந்தச் சமயத்தில் இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு. இறங்கும்போது இரண்டாவது கியர். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அடிவாரத்தில் கருகல் வாடைதான்.

பவானிக்காரன்:
நன்றிங்க அக்கா, அண்ணா. செவ்வாய்க்கிழமை போகிறோம். ஏரி தெரிகிற மாதிரி ரூம் கிடைத்தால் ஒரு ராத்திரி தங்கலாம் என்று வீட்டில் ஆசைப்படுகிறார்கள்.

அஸ்தம்பட்டி அக்கா:
தங்குங்கள். ஆனால் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எங்களுக்கு ‘ஏரி பார்த்த அறை’ என்று ஒன்றைக் கொடுத்தார்கள். திரையை விலக்கினால் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி! ‘இதுவும் நீர்நிலைதானே’ என்றார் எங்கள் வீட்டுக்காரர். ஸ்வெட்டர் மறக்காதீர்கள், மே மாதமானாலும் ராத்திரி அம்மாவுக்குக் குளிரும்.