லேடி மக்பெத் மயங்கினாளா, நடித்தாளா?

மேடைப்பித்தன்:
"பெண் மனசு தாங்காமல் மயங்கி விழுந்தாள்" என்று கதிரவன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில் இரண்டாம் அங்கம், மூன்றாம் காட்சியை ஒரு தடவை படியுங்கள். மனைவியோடு சேர்ந்து திட்டமிட்டு மன்னன் டங்கனை மக்பெத் கொன்றிருக்கிறான், பழியைக் காவலர்கள் மேல் போட்டிருக்கிறார்கள், கொலை இப்போதுதான் வெளியே தெரிகிறது. காவலர்களை நானே கொன்றேன் என்று மக்பெத் வாயை விடுகிறான், ஏன் கொன்றாய் என்று மக்டஃப் என்ற பிரபு மடக்குகிறான், உடனே மக்பெத் டங்கனின் வெள்ளித் தோல், பொன் ரத்தம் என்று வர்ணிக்க ஆரம்பிக்கிறான். இன்னும் கொஞ்சம் பேசினால் மாட்டிக்கொள்வான். சரியாக அங்கேதான் "என்னை இங்கிருந்து கூட்டிப்போங்கள்" என்கிறாள். புருஷனைக் காப்பாற்றப் போட்ட மயக்கம் அது!

கதிரவன்:
காவலர்களைக் கொல்வது அவர்கள் திட்டத்திலேயே இல்லையே. அவளுக்கே அது புதுச் செய்தி, அதிர்ந்து விழுந்தாள். ஷேக்ஸ்பியர் விமர்சகர் பிராட்லி 1904லேயே நிஜ மயக்கம் என்று அடித்துச் சொல்லிவிட்டார். நீங்கள் அவரைவிடப் பெரிய ஆளா?

மேடைப்பித்தன்:
பிராட்லி பெயரைச் சொன்னால் பயந்துவிடுவேனா? கத்திகளைத் திரும்ப எடுத்துப்போய் வைத்து, காவலர்கள் மேல் ரத்தம் பூசிவிட்டு வந்தவள் அவள். நேரில் பார்த்தபோது வராத மயக்கம் வர்ணனையைக் கேட்டு வருமா?

செல்வி:
விருந்துக் காட்சியை ஏன் விட்டுவிட்டீர்கள்? தான் ஆள் வைத்துக் கொன்ற பாங்கோவின் ஆவியைப் பார்த்து மக்பெத் அலறும்போது, சின்ன வயதிலிருந்தே அவருக்கு இப்படி வரும் என்று விருந்தாளிகளிடம் சமாளிக்கிறாளே. புருஷனின் குற்றத்தை அவள் மறைத்தது அங்கேதான் அப்பட்டமாகத் தெரிகிறது.

மேடைப்பித்தன்:
விருந்து இருக்கட்டும் மேடம், பேச்சு மயக்கத்தைப் பற்றி. நாடகத்தின் 1623 பதிப்பில் அவளைத் தூக்கிப் போவதாக மேடைக் குறிப்பே கிடையாது, பின்னால் பதிப்பாசிரியர் ரோ சேர்த்தது.

கதிரவன்:
அவன் உளறுகிறான் என்றால் தனியாக விட்டுவிட்டுப் போவாளா? கூடவே நின்றிருப்பாள். போன மாதம் ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனா பற்றிய விவாதத்திலும் இதே பிடிவாதம்தான் உங்களுக்கு.

மேடைப்பித்தன்:
அதை ஏன் இழுக்கிறீர்கள்? தன்னைக் கொன்ற ஒதெல்லோவைக்கூட, சாகும்போதும் "நானேதான் செய்துகொண்டேன்" என்று சொல்லி டெஸ்டிமோனா காப்பாற்றினாள் என்றேன். பதில் சொல்லாமல் காணாமல் போனது நீங்கள்.

கதிரவன்:
வேலை இருந்தது. உங்களைப் போல நாள் முழுக்க இங்கே உட்கார முடியாது.

செல்வி:
யாராவது விருந்துக் காட்சிக்குப் பதில் சொல்வீர்களா?

மேடைப்பித்தன்:
முதலில் கதிரவன் அந்தக் கத்தி விஷயத்துக்குப் பதில் சொல்லட்டும். ரத்தத்தைக் கையால் தொட்டவள் ஏன் மயங்கவேண்டும்?