புது செயலி வாங்கி ஓவர்கிளாக் செய்தேன், ஸ்க்ரீன் வரவில்லை. அவசரம்!!

திருச்சிராக்கெட்: நேற்று புது செயலி வாங்கி மாட்டினேன். ராத்திரி வரை நன்றாக ஓடியது. இன்று காலை ஓவர்கிளாக் செய்து, அதாவது வழக்கத்தைவிட வேகத்தை ஏற்றி, சேவ் கொடுத்தேன், அவ்வளவுதான், ஸ்க்ரீன் கறுப்பு. ஃபேன் சுற்றுகிறது, லைட் எல்லாம் எரிகிறது, மானிட்டரில் மட்டும் நோ சிக்னல். பத்து தடவை ஆஃப் ஆன் செய்துவிட்டேன். செயலி செத்துவிட்டதா? நாளைக்கு ஒரு கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்க வேண்டும், யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

நைட்ஷிஃப்ட்: எந்தச் செயலி ப்ரோ, ஆண்ட்ராய்டா ஐபோனா? அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி போடுங்கள்.

திருச்சிராக்கெட்: ஆப் இல்லை ப்ரோ, சிபியு, கம்ப்யூட்டரின் மூளை!!!

கூலர்பாண்டி: எந்த சிபியு, எந்த போர்டு, என்ன கூலர், எதை எவ்வளவு ஏற்றினீர்கள், ஒன்றுமே சொல்லவில்லையே. இருந்தாலும் என் சந்தேகம் கூலர்தான். அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? நான் உரிக்காமல் மாட்டிவிட்டு இரண்டு நாள் சிபியு மேல் தடவும் பேஸ்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தவன்.

மின்வெட்டு: எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எத்தனை வாட்? யுபிஎஸ் வழியாகவா ஓடுகிறது? எர்த் இருக்கிறதா? எங்கள் வீட்டில் கேபினெட்டைத் தொட்டாலே சுர்ரென்று இழுக்கும், அதைச் சரிசெய்த பிறகு பாதிப் பிரச்சினை தானாகப் போய்விட்டது.

திருச்சிராக்கெட்: ரைசன் 5 7600எக்ஸ். பி650 போர்டு. எஸ்எம்பிஎஸ் 650 வாட். தாளை உரித்துவிட்டேன் அண்ணா, நேற்று எடிட்டிங்கில் 80 டிகிரியைத் தாண்டவில்லை.

பழையகை: ஓவர்கிளாக் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு கை வைத்திருக்கலாம். 7600எக்ஸ் தானாகவே 5.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், அதற்கு மேல் என்ன பிழியப் போகிறீர்கள்? மதர்போர்டு பெட்டியில் மேனுவல் என்று ஒரு புத்தகம் இருக்கும். படிக்கலாம், தப்பில்லை.

தமிழ்பிட்: ஒரு சிறு திருத்தம். பாடப்புத்தகத்தில் நுண்செயலி என்றுதான் படித்தோம். செயலி என்ற சொல்லை ஆப்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள், அதனால்தான் மேலே ஒருவர் அன்இன்ஸ்டால் செய்யச் சொல்கிறார்.

நைட்ஷிஃப்ட்: அப்போ ஆப்பை என்னவென்று சொல்வது? எங்கள் ஊரில் ஆப் என்றால் ஆப்புதான்.

தமிழ்பிட்: குறுஞ்செயலி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழையகை: இழையைத் திசைதிருப்ப வேண்டாம்.

செலரான்300: தம்பி பழையகை, ஓவர்கிளாக்கை அப்படி எடுத்தெறியாதீர்கள். 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ சிபியுவை, அது போர்டோடு பேசும் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு மாற்றினால் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அதற்குப் பிறகு ஏஎம்டி அத்லான் சிபியுவில் எல்1 என்ற இணைப்புகள் மேல் பென்சிலால் கோடு போட்டு வேகப் பூட்டைத் திறந்தோம். சாதாரணப் பென்சில்தான். என் மகனிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான்.

பழையகை: அது அந்தக் காலம் சார். இப்போது கம்பெனியே கடைசிச் சொட்டு வரை பிழிந்துதான் பெட்டியில் போட்டு விற்கிறது. ஏற்றுவதைவிட வோல்டேஜைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

செலரான்300: அதுவும் பயாஸில், போர்டின் அடிப்படை செட்டிங்கில், கை வைக்கிற வேலைதானே? பெயரை மாற்றிக்கொண்டால் ஆயிற்றா?

கோவைபெஞ்ச்: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். திருச்சி, பயாஸில் சரியாக எதையெல்லாம் மாற்றினீர்கள்? ராம் எத்தனை?

திருச்சிராக்கெட்: பிபிஓ ஆன் (சிபியுவின் பவர் வரம்பை ஏற்றுவது), கர்வ் ஆப்டிமைசர் மைனஸ் 30 (அதன் வோல்டேஜைக் குறைப்பது), அப்புறம் எக்ஸ்போ 6000 (ராமை வேகமாக ஓட்டும் செட்டிங்). ராம் 64 ஜிபி.

கோவைபெஞ்ச்: எத்தனை குச்சி?

திருச்சிராக்கெட்: நாலு. இரண்டு நான் வாங்கியது, இரண்டு நண்பன் கொடுத்தது. அது முக்கியமா?

கோவைபெஞ்ச்: அதுதான் முக்கியம். இந்தச் சிப்புக்கு ஏஎம்டி சொல்லும் ராம் வேகம் இரண்டு குச்சிக்கு 5200, நாலு போட்டால் 3600. நீங்கள் இரண்டு வேறு வேறு செட்டைக் கலந்து, நாலையும் 6000-இல் ஓடச் சொல்லியிருக்கிறீர்கள். நேற்று எக்ஸ்போ போடாததால் மெதுவான வேகத்தில் பேசாமல் ஓடியது. போர்டு ஓரத்தில் டிராம் (ராமைத்தான் சொல்கிறது) என்று எழுதிய இடத்தில் ஒரு சின்ன விளக்கு எரிகிறதா?

திருச்சிராக்கெட்: ஆமாம், மஞ்சள்.

கோவைபெஞ்ச்: அப்படியானால் செயலி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. ராமோடு ஒத்துப்போகப் போர்டு முயற்சி செய்கிறது, டிரெய்னிங் என்பார்கள், டிடிஆர்5 வகை ராமில் அதற்குப் பல நிமிஷம் பிடிக்கும். எவ்வளவு நேரம் விட்டுப் பார்த்தீர்கள்?

திருச்சிராக்கெட்: ஒரு நிமிஷம் இருக்கும்… அதற்குள் ஆஃப் செய்துவிடுவேன்.

கோவைபெஞ்ச்: பத்து தடவையும் பாதியில் நிறுத்தியிருக்கிறீர்கள். பவர் ஒயரைப் பிடுங்குங்கள். நண்பன் கொடுத்த இரண்டையும் எடுத்துவிட்டு, உங்களுடையதைச் சிபியு பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடுங்கள். போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிஷம் கழித்து மாட்டுங்கள், பயாஸில் மாற்றியதெல்லாம் அழிந்துவிடும். ஆன் செய்ததும் கை வைக்காமல் பதினைந்து நிமிஷம் விட்டுவிடுங்கள், எழுந்து போய் டீ குடியுங்கள். வந்ததும் எக்ஸ்போ மட்டும் போட்டுப் பாருங்கள். மைனஸ் 30 எல்லாச் சிப்பும் தாங்காது, எடிட்டை முடித்துக் கொடுத்த பிறகு மைனஸ் 10-இலிருந்து ஆரம்பிக்கலாம்.

மின்வெட்டு: எர்த்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பழையகை: எக்ஸ்போ போடும் முன் பயாஸ் புதியதா என்று பாருங்கள். 2023-இல் சில சிப் கருகியதற்குப் பிறகு எஸ்ஓசி வோல்டேஜ் (சிபியுவில் ராமைக் கவனிக்கும் பகுதிக்குப் போவது) 1.3-ஐத் தாண்டாமல் பூட்டியது அப்டேட்டில்தான். இதைத்தான் முதலிலேயே சொல்ல வந்தேன்.

கூலர்பாண்டி: மேனுவல் படி என்றுதானே சொன்னீர்கள்?

திருச்சிராக்கெட்: வந்துவிட்டது!! ஏழு நிமிஷம் ஆனது. நன்றி அண்ணா. எடிட் போகிறேன்.

செலரான்300: எக்ஸ்போ போட்டீர்களா? நிலையாக ஓடுகிறதா?

கோவைபெஞ்ச்: பயாஸ் எந்த வெர்ஷன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள், அடுத்தவருக்கு உதவும்.

தமிழ்பிட்: நுண்செயலி பிழைத்ததில் மகிழ்ச்சி.

நைட்ஷிஃப்ட்: ப்ரோ, அந்த நண்பன் கொடுத்த இரண்டு ராம் சும்மாதானே இருக்கும், விற்பாரா?