முசுறு மாதிரி இருக்கிறது, நூல் விட்டுத் தொங்குகிறது. என்ன இது?

மாந்தோப்பு:
வீட்டு மாமரத்தில் முசுறுக் கூடு இருக்கிறது. இலையில் ஓடிய ஒன்றைச் சுண்டிவிட்டேன், அது கீழே விழாமல் நூலில் தொங்கி, அப்புறம் அதைப் பிடித்தே மேலே ஏறிவிட்டது. எறும்பு நூல் விடுமா? பக்கத்தில் இன்னொன்று, முசுறு ஒன்று இன்னொரு முசுறைக் கவ்விக்கொண்டு போவதுபோல் தலைக்கு முன்னால் நீளமாக நீட்டிக்கொண்டிருந்தது. மரத்தடியில் பிள்ளைகள் விளையாடுவார்கள், மருந்து அடிக்கவா?

சிலந்திப்பித்து:
தயவுசெய்து அடிக்காதீர்கள்! அது எறும்பே இல்லை, தாவும் சிலந்தி. பேரினம் மிர்மாபிளாட்டா. இலங்கையில் கிடைத்ததை வைத்து 1869லேயே விவரித்துவிட்டார்கள், ரொம்ப நாள் மிர்மராக்னே என்ற பெரிய கும்பலில் கிடந்தது, 2016ல்தான் தனிப் பேரினமானது. கால்களை எண்ணுங்கள், எட்டு இருக்கும், முன்னங்கால் இரண்டையும் தூக்கி எறும்பின் உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டே நடக்கும். முகத்துக்கு நேரே போனால் இரண்டு பெரிய உருண்டைக் கண்கள் தெரியும், முசுறுக்கு அப்படி இருக்காது. நீங்கள் பார்த்த இரண்டாவது, ஆண். நீண்டிருப்பது அதன் தாடை, நுனியில் கண் போல ஒரு கரும்புள்ளிகூட இருக்கும். மனிதர்களைத் தேடி வந்து கடிக்காது, பிள்ளைகளை முசுறு கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆலங்குடி:
அப்போ எறும்பைப் பிடித்துத் தின்னத்தான் இந்த வேஷமா?

சிலந்திப்பித்து:
பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் இது முசுறைக் கண்டாலே ஒதுங்கிப் போகும், மாட்டினால் அவை கடித்துக் குதறிவிடும். முசுறு கூட்டமாக வந்து கடிக்கும், அமிலம் பீய்ச்சும், அதனால் பூச்சி தின்னும் பல பிராணிகள் அதன் பக்கமே போவதில்லை, அந்தப் பயத்தின் நிழலில்தான் இது பிழைக்கிறது. ஆணுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. எறும்பையே தேடித் தின்னும் தாவும் சிலந்திகளும் இருக்கின்றன, வாயில் சுமையோடு போகும் எறும்பு திருப்பிக் கடிக்க முடியாது என்பதால் அவை அதைத்தான் குறிவைக்கும். இதுபோன்ற எறும்பு வேஷச் சிலந்திகளை வைத்து 2006ல் வந்த ஆய்வு ஒன்று, நீளத் தாடை ஆண்கள் அந்த எறும்புதின்னிச் சிலந்திகளின் கண்ணுக்குச் சுமை தூக்கிய எறும்பாகவே தெரிகின்றன என்று காட்டியது. ஆணுக்கு மட்டும் வாய்த்த நீளத் தாடையே உயிருக்கு வினையாகிறது, எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான்.

மாந்தோப்பு:
சரி, மருந்து வேண்டாம். படம் எடுத்துப் போடுகிறேன்.

சிலந்திப்பித்து:
மேலிருந்து எடுக்காதீர்கள், பக்கவாட்டில் எடுங்கள், இடுப்பு ஒடுங்கியிருப்பதும் தாடையும் அப்போதுதான் தெளிவாக விழும்.