தன்சூடு: மாம்பழ வினிகர் நொதிக்கும்போது எழும் வெப்பத்துக்கு ஒரு சொல்

வணக்கம் ஐயா,

மாம்பழ வினிகர் நொதிக்கும்போது தானே எழும் வெப்பத்துக்குச் சொல் தேடுகிறோம் அல்லவா? 'நொதிச்சூடு' வேண்டாம் என்பேன். பாடநூலில் நொதி என்றால் என்சைம். செரிமானப் பாடம் படித்த பிள்ளை குழம்பும். 'பொங்குசூடு' ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும் முதல் கட்டத்துக்கு மட்டும் பொருந்தும். நுரை அடங்கியபின் அசிட்டிக் பாக்டீரியா அந்தச் சாராயத்தை வினிகராக்கும்போதும் சூடு எழுகிறது, அங்கே பொங்கல் ஏது? என் பரிந்துரை 'தன்சூடு'. ஈர நெல்லைக் குவித்தால் உள்ளே சூடேறுகிறதே, அதற்கும் இது பொருந்தும்.

சொல் இல்லாததால் வெப்பநிலை உணரியைத் தவறான இடத்தில் பொருத்துகிறார்கள். தோத்தாபுரி மாம்பழக் கூழில் நீர் சேர்த்து 12 பிரிக்ஸில் (நூறு கிராமில் சுமார் 12 கிராம் சர்க்கரை) 20 லிட்டர் ஆக்கினால் சர்க்கரை சுமார் 2.4 கிலோ. அது முழுதும் நொதித்து, வெப்பம் சிறிதும் வெளியேறாவிட்டால் சுமார் 15 டிகிரி ஏறும். ஐந்தாறு நாளில் பரவுவதால் கேனில் சில டிகிரியோடு நிற்கிறது. 200 லிட்டர் டிரம்மில் கதை வேறு: கொள்ளளவு 10 மடங்கு, வெப்பம் வெளியேறும் பரப்போ 5 மடங்குகூட இல்லை. நொதிகலம் வைத்த பெட்டிக்குள் காற்றில் தொங்கும் உணரி 28 காட்டும்போது உள்ளே 33 இருக்கலாம். சூடு இன்னும் ஏறினால் ஈஸ்ட் சோர்ந்து நொதித்தல் பாதியில் நின்றுவிடலாம், நெடியும் ஏறலாம். உணரியைக் கேனின் சுவரில், கூழின் நடு உயரத்தில் ஒட்டி, மேலே தடித்த பஞ்சு வைத்துக் கட்ட வேண்டும். அதற்கு முன் பனிக்கட்டி கரையும் நீரில் முக்கி 0 காட்டுகிறதா எனப் பாருங்கள்.

பாலக்கோட்டிலிருந்து பதில்:

அன்புள்ள தம்பிக்கு, சொல் பிடித்திருக்கிறது. இங்கே வாயில் வருவது 'புழுக்கம்'தான். ஆனால் அதில் ஈரமும் மனவருத்தமும் சேர்ந்து வருகின்றன, அளவுக்கு உதவாது.

ஒரு திருத்தம். 'கூழுக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு' என்று தன்சூட்டை வரையறுத்தால் பிழை. மே மாத மதியத்தில் கூரையிலிருந்து இறங்கும் அனலும் அந்தக் கணக்கில் ஏறிவிடும். பக்கத்தில் அதே அளவுள்ள கேனில் வெறும் தண்ணீர் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தன்சூட்டின் அடையாளம். இன்னொன்று: சூடு வேறு, வெப்பநிலை வேறு. எழும் வெப்பம் தன்சூடு; அதனால் ஏறும் டிகிரி 'தன்சூட்டேற்றம்'.

காவேரிப்பட்டணத்திலிருந்து, முதலில் எழுதியவரின் மறுமொழி:

ஐயா, தண்ணீர்க் கேன் ஒப்பீட்டை அப்படியே வரையறையில் சேர்க்கிறேன். அது இன்னொன்றையும் காட்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் வேறுபாடு உச்சத்துக்குப் போய், பிறகு சுருங்கும். சுருங்கத் தொடங்கியதும் குளிர்விப்பதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஈஸ்ட் அடியில் படிந்துவிடும். உச்ச நாளில் 1 லிட்டர் பனிக்கட்டிப் பாட்டில் கரைந்தால் 20 லிட்டரை ஏறத்தாழ 4 டிகிரி இறக்கும். பாட்டிலைக் கூழுக்குள் போடாமல், கேன் நிற்கும் தொட்டித் தண்ணீரில் போடுங்கள். தொட்டித் தண்ணீரும் குளிர வேண்டியிருப்பதால் ஒரு பாட்டில் போதாது, இரண்டு வேண்டும்.