நாகமலை – அண்ணா நகர் தினசரி ஓட்டம்: நேர் ஹேண்டில் சைக்கிள் எதைப் பார்த்து எடுக்கணும்?

நாகமலைவாசி:
வணக்கம் அண்ணே. மதுரை நாகமலை புதுக்கோட்டையிலிருந்து அண்ணா நகருக்கு தினமும் வேலைக்கு ஓட்டணும், ஒரு பக்கம் 12 கி.மீ. ஞாயிறு அழகர்கோயில் வரை. காளவாசல் நெரிசலுக்கு நேர் ஹேண்டில்தான் தோது. பட்ஜெட் 30,000, உயரம் 5 அடி 7. கடையில முன் சஸ்பென்ஷன், 21 கியர் வச்ச எம்டிபியையே (மலைப்பாதை சைக்கிள்) காட்டுறாங்க. எடுக்கலாமா?

ஸ்போக்சாவி:
வேண்டாம். இந்த விலையில வர்ற சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவை) வெறும் ஸ்பிரிங். கனம் கூடும், எழுந்து மிதிச்சா அமுங்கியே உங்க பலத்தைத் தின்னும். நம்ம ரோட்டுக் குலுக்கலைத் தாங்க டயர் போதும். அசையாத ஃபோர்க், 700×35 (35 மி.மீ. அகல) டயர் உள்ள ஹைபிரிட் (ரோடு சைக்கிளும் எம்டிபியும் கலந்த ரகம்) பாருங்க. 70 கிலோ ஆளுக்கு முன்னாடி 50, பின்னாடி 60 பிஎஸ்ஐ காத்தழுத்தத்துல தொடங்கி, ஓட்டிப் பார்த்துக் கூட்டிக் குறைங்க. டயர் பக்கவாட்டுல அச்சடிச்சிருக்கிறது உச்ச அளவு. அதுவரை ஏத்தினா முதுகுதான் வலிக்கும்.

21 கியர்ல பாதி ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு இருக்கிற கியர்தான். அதைவிட, பின்சக்கரத்துல உள்ள பல்சக்கரத் தொகுதி ஃபிரீவீலா (திருகி மாட்டுறது), கேசட்டா (செருகி மாட்டுறது)ன்னு கேளுங்க. ஃபிரீவீல்ல வலது பேரிங் உள்ளே தள்ளி நிக்கும், ஆக்சில் முனைக்குத் தாங்கல் இல்லை. கேரியர்ல கனத்தோட குழியில இறங்கினா வளையும். 8 கியர் கேசட் கிடைச்சா கண்ணை மூடிட்டு எடுங்க.

வைகைக்கரை:
கருவேல முள்ளை விட்டுட்டீங்களே! சீமைக்கருவேலத்தை வெட்டிப் போட்ட ரோட்டோரம் போனா, முள் டயர்ல ஏறி நுனி உள்ளேயே ஒடிஞ்சுக்கும். வெளியே தெரியாது. புது டியூப் மாட்டினாலும் கொஞ்ச தூரத்துல திரும்ப இறங்கும். டயர் மாட்டும்போதே அதுல உள்ள பேரை வால்வுக்கு நேரா வச்சு மாட்டுங்க. பஞ்சர் ஆனா டியூப் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தள்ளியிருக்குன்னு பார்த்து, டயர்ல அதே இடத்தைத் தேடலாம். உள்பக்கம் பஞ்சை மெல்லத் தேய்ச்சு இழுங்க. நார் எங்க சிக்குதோ அங்க முள். குறடால பிடுங்குங்க. வால்வு பைக் டயர்ல வர்ற தடிச்ச ரகமா இருக்கட்டும், எந்த பஞ்சர் கடையிலயும் காத்து அடிக்கலாம்.

நாகமலைவாசி:
ரொம்ப நன்றிண்ணே. டிஸ்க்கா, வி-பிரேக்கா? பிற்பாடு வளைஞ்ச ஹேண்டில் மாட்ட முடியுமா?

ஸ்போக்சாவி:
வி-பிரேக் (ரிம்மை ரெண்டு பக்கமும் கட்டை பிடிக்கிறது) போதும், பராமரிப்பு சுலபம். ஐப்பசி, கார்த்திகை மழையில தினமும் ஓட்டுவீங்கன்னா டிஸ்க். கேபிள் டிஸ்க்ல பெரும்பாலும் ஒரு பக்க பேட்தான் நகரும். தேயத் தேய கேபிளை மட்டும் இறுக்காதீங்க. அசையாத பேடையும் ஆலன் சாவியால ரோட்டர் (பிரேக் தட்டு) பக்கம் நகர்த்தணும். இல்லேன்னா ரோட்டர் ஒரு பக்கமா வளைஞ்சு உரசும்.

ஹேண்டில் மாத்துற யோசனையை விடுங்க. நேர் ஹேண்டில் குழாய், பிடி பக்கம் 22.2 மி.மீ., வளைஞ்சது 23.8. உங்க பிரேக் லீவரும் ஷிஃப்டரும் அதுல ஏறாது. வளைஞ்ச ஹேண்டில்ல வர்ற ரோடு லீவர் இழுக்கிற கேபிள் நீளம் வி-பிரேக்குக்குப் பத்தாது. ஃபிரேமும் நீளமா இருக்கும், வளைஞ்சது மாட்டினா கை எட்டாது.

உள்ளங்கை மரத்தா பார்-எண்டு (ஹேண்டில் முனையில மாட்டுற கொம்பு) மாட்டுங்க. ஹேண்டில் 680 மி.மீ.க்கு மேல இருந்தா ரெண்டு பக்கமும் சமமா அறுத்து 620-க்குக் கொண்டுவாங்க, ஆட்டோக்களுக்கு நடுவுல நுழைய உதவும். சீட் உயரம்: கால் உள்நீளம் 78 செ.மீ.ன்னா, கிராங்க் சுத்துற அச்சு (ஃபிரேம் அடியில உள்ளது) நடுவிலிருந்து சீட் மேல்வரை சுமார் 69 செ.மீ.

வைகைக்கரை:
ஆடி மாசம் சாயங்காலம் மேற்கே நாகமலைக்குத் திரும்புறப்ப எதிர்க்காத்து அடிக்கும். ஸ்டெம்முக்குக் (ஹேண்டிலைப் பிடிக்கிற துண்டு) கீழே உள்ள வளையத்துல ஒண்ணை எடுத்து மேலே போட்டா கை கொஞ்சம் தாழும். பழகிப் பார்த்துட்டு வச்சுக்கங்க. ஸ்டெம் வரை மேலே வர்ற ஃபோர்க் குழாயை மட்டும் அவசரப்பட்டு அறுத்துடாதீங்க.