பார்மகோவிஜிலன்ஸில் இருப்பவரிடம் இருபது நிமிடம் பேச எப்படிக் கேட்பது?

கடைமருந்தாளர்:
பி.பார்ம் முடித்துவிட்டு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். பார்மகோவிஜிலன்ஸ் (மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் துறை) பக்கம் போக ஆசை. விண்ணப்பிக்கும் முன் அந்த வேலையில் இருப்பவர்களிடம் பேசித் தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தால், லிங்க்ட்இன்னில் அனுப்பும் செய்தியைப் படித்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். யாரிடம் கேட்க வேண்டும், என்ன எழுத வேண்டும், பேசும்போது எதைக் கேட்க வேண்டும்?

சேஃப்டி டெஸ்க்:
ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெரிய பதவியில் இருப்பவருக்கு நேரம் இருக்காது. ஹெச்.ஆருக்கு ஒரு கேஸ் (ஒரு நோயாளிக்கு வந்த பக்கவிளைவு பற்றிய தகவல்) எப்படி உள்ளே வந்து எப்படி வெளியே போகிறது என்ற விவரம் தெரியாது. டிரக் சேஃப்டி அசோசியேட்டாக ஒன்று முதல் மூன்று வருடம் ஆனவரைத் தேடுங்கள். ஃப்ரெஷராக நுழைந்தபோது என்னென்ன கேட்டார்கள் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கும்.

லிங்க்ட்இன்னில் உங்கள் கல்லூரிப் பக்கத்தில் முன்னாள் மாணவர்கள் பகுதியைத் திறந்து 'பார்மகோவிஜிலன்ஸ்', 'டிரக் சேஃப்டி' இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஒரே வேலைக்குக் கம்பெனிக்கு ஒரு பெயர் இருப்பதால், ஒரு சொல்லோடு நிறுத்தினால் பலர் விடுபட்டுப் போவார்கள். இணைப்புக் கோரிக்கையில் கல்லூரியும் பேட்சும் போதும். ஏற்றுக்கொண்ட பிறகு இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் மேடம். நம் கல்லூரியில் பி.பார்ம் முடித்தேன், இப்போது மருந்துக்கடையில் இருக்கிறேன். கேஸ் பிராசஸிங்கில் அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று உங்களிடம் 20 நிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். சனி, ஞாயிறில் உங்களுக்கு வசதியான நேரத்தில் அழைக்கலாமா?"

ரெஸ்யூமேவை இதோடு இணைக்காதீர்கள். இணைத்தால் அது வேலை கேட்கும் செய்தி ஆகிவிடும். "கேரியர்ஸ் பக்கத்தில் அப்ளை பண்ணுங்க" என்ற பதிலோடு முடிந்துவிடும். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் வேண்டாம். ஒருவரையே நம்பிக் காத்திருக்காமல் நாலைந்து பேருக்கு அனுப்பி வையுங்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் அவருடைய வேலையைப் பார்த்துத் தனியாக எழுதுங்கள்.

மெட்ரா:
தயாரிப்பைப் பற்றி நான் சொல்கிறேன், மெனக்கெட வேண்டிய இடம் அதுதான். "பார்மகோவிஜிலன்ஸ்னா என்ன சார்" என்று தொடங்கினால் இருபது நிமிடமும் அதிலேயே கரைந்துவிடும். அடிப்படையை நீங்களே படித்து முடித்திருக்க வேண்டும். செல்லுபடியாகும் கேஸுக்கு நான்கு தேவை: அடையாளம் காணக்கூடிய நோயாளி, தகவல் தந்தவர், சந்தேகத்துக்குரிய மருந்து, பாதக விளைவு. எதெல்லாம் 'சீரியஸ்' என்ற வரையறை, 15 நாள் ரிப்போர்ட்டிங்கில் (மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தெரிவிக்கும் கெடு) நாள் பூஜ்ஜியம், அதாவது நாளை எண்ணுவது, எங்கே தொடங்குகிறது, பக்கவிளைவுகளைக் குறிக்கும் மருத்துவச் சொற்களுக்கான மெட்ரா அகராதியின் ஐந்து அடுக்குகள் ஆகியவையும் தெரிந்திருக்கட்டும்.

அடுத்து, இந்தியாவின் பிவிபிஐ திட்டத்துக்கு (பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம், 2010-இல் தொடங்கியது, காசியாபாத் இந்தியன் பார்மகோபியா கமிஷன் நடத்துகிறது) மருத்துவப் பணியாளர்களுக்கென ஒரு பக்கவிளைவுப் படிவம் இருக்கிறது. இறக்கிக்கொண்டு ஒரு கற்பனைக் கேஸை எழுதிப் பாருங்கள். அமாக்சிசிலின் போட்ட மூன்றாம் நாள் உடம்பெல்லாம் தடிப்பு, கூடவே பாராசிட்டமாலும் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை சந்தேக மருந்தாகப் போடுவது, எதை உடன் எடுத்த மருந்தாகப் போடுவது, தடிப்பு தொடங்கிய தேதி நோயாளிக்கே தெரியாவிட்டால் என்ன எழுதுவது என்று கை நிற்கும். கை நிற்கும் இடங்கள்தான் உங்கள் கேள்விகள். பயிற்சிக்கு மட்டும்தான், எங்கும் அனுப்பிவிடாதீர்கள்.

இவற்றையும் கேளுங்கள்: ஒரு ஷிப்டில் அதிக நேரம் எதற்குப் போகிறது, டேட்டா என்ட்ரிக்கா, நேரேட்டிவுக்கா (நடந்ததைச் சுருக்கமாக எழுதுவது), குவாலிட்டி ரிவ்யூவில் திரும்பி வருவதைச் சரிசெய்யவா? புதிதாகச் சேர்பவர்கள் முதல் மூன்று மாதத்தில் எதில் தவறுகிறார்கள்? கேஸ்களைப் பதிவு செய்யும் ஆர்கஸ் சாஃப்ட்வேர் பயிற்சியைக் கம்பெனியே தருகிறதா? கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். வேலை உறுதி என்று சொல்லிப் பணம் வாங்கும் பயிற்சி நிலையங்கள் ஏராளம். அந்தச் சான்றிதழுக்கு உள்ளே மதிப்பு உண்டா என்று பணம் கட்டும் முன் உள்ளே இருப்பவரிடமே கேட்டுவிடலாம்.

கிளையன்ட் பெயர், உண்மையான கேஸ் விவரம் இரண்டையும் கேட்கவே கூடாது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரைச் சங்கடப்படுத்தும், பேச்சும் அங்கேயே சுருங்கிவிடும். சம்பளத்தை "ஃப்ரெஷருக்குச் சுமாராக எவ்வளவிலிருந்து எவ்வளவு" என்று கேட்டால் தப்பில்லை.

கடைமருந்தாளர்:
மிக்க நன்றி. பேசி முடிக்கும்போது ரெஃபரல் (அவர் கம்பெனியில் வேலைக்குப் பரிந்துரை) கேட்கலாமா?

சேஃப்டி டெஸ்க்:
கேட்காதீர்கள். தகவலுக்கென்று நேரம் வாங்கிவிட்டுக் கடைசியில் ரெஃபரலுக்குத் தாவினால், முன்னால் கேட்டதெல்லாம் வேஷம் என்று தோன்றும். அதற்குப் பதில், "இன்னும் யாரிடம் பேசினால் எனக்கு உதவும்?" என்று கேளுங்கள். ரெஃபர் செய்பவருக்குப் பல கம்பெனிகள் ஊக்கத்தொகை தருகின்றன. உங்கள் தயாரிப்பைப் பார்த்துப் பிடித்திருந்தால் அவரே கேட்பார். அப்போது அனுப்ப ஒரு பக்க ரெஸ்யூமே பிடிஎஃப் கையில் இருக்கட்டும். அந்த வேலையின் ஜாப் ஐடியையும் சேர்த்துக் கொடுங்கள், அவர் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கடையில் நின்றுகொண்டு பேசாதீர்கள், நடுவில் வாடிக்கையாளர் வந்துவிடுவார். 18-ஆவது நிமிடத்தில் நீங்களே "நேரம் ஆகிறது மேடம்" என்று சொல்லுங்கள், தொடர்வதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அன்றிரவே நன்றி அனுப்புங்கள். அவர் சொன்னதில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்று ஒரு வரி அதில் இருக்கட்டும். செய்து முடித்ததும், மாதம் ஒன்று ஆனாலும், இன்னொரு வரி அனுப்புங்கள்.

மெட்ரா:
அவர் தந்த வாட்ஸ்அப் எண்ணை அவரைக் கேட்காமல் நண்பர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.